சுருதி பிசகாத நகல்: யூஆர்-049 தட்டுக்கு நேர்ந்தது

1999-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் ஒரு சிறிய இசை வெளியீட்டு லேபிள் அதே ஆண்டு ஒரு 12 அங்குல வினைல் தட்டை வெளியிட்டிருந்தது. அந்தத் தட்டின் முதன்மையான பாட்டை ஜெர்மனியில் சோனி மியூசிக்கின் நடன இசைப் பிரிவு மறுபடியும் செய்து வைத்துக்கொண்டது. மறுபடியும் செய்தது என்றால் ரீமிக்ஸ் இல்லை. ஒரு துண்டை வெட்டி எடுத்து அதன்மேல் வேறொன்றைக் கட்டியதும் இல்லை. மூலத்தில் கிக் (அடித்தாள முரசு) எங்கே விழுகிறதோ அங்கே கிக், தந்தி இசை எங்கே ஏறுகிறதோ அங்கே ஏற்றம் என்று ஸ்வரத்துக்கு ஸ்வரம் புதிதாக வாசித்துப் பதிந்த நகல். மூலத்தைச் செய்தவர்களின் ஒப்புதல் அதற்கு இல்லை.

மூலத்தின் பெயர் ‘நைட்ஸ் ஆஃப் த ஜாகுவார்’. தட்டின் எண் யூஆர்-049. செய்தவர் டிஜே ரோலாண்டோ. தட்டில் அவர் வைத்துக்கொண்ட பெயர் ‘தி ஆஸ்டெக் மிஸ்டிக்’. வெளியிட்டது அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ். டெட்ராய்டில் பிறந்த மின்னணு நடன இசையான டெக்னோவைக் கேட்பவர்கள் சுருக்கமாக யூஆர் என்பார்கள்.

பெரிய நிறுவனத்தைச் சின்ன லேபிள் மண்ணைக் கவ்வ வைத்த கதையாகத்தான் இது டெக்னோ வட்டாரத்தில் சொல்லப்படுகிறது. அதில் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை இதைப் படிக்கும்போதும் என்னை உறுத்துவது வேறு ஒன்று. பதிப்புரிமைச் சட்டம் இசையை இரண்டாகப் பிளந்து பார்க்கிறது: பாட்டு ஒரு சொத்து, அதன் பதிவு இன்னொரு சொத்து. டெக்னோவிலோ அந்தக் கத்தி இறங்க இடமே கிடையாது. நகல் எடுத்தவர்கள் நுழைந்தது அந்த இடுக்கு வழியாக. யூஆர் கடைசியில் பதில் சொன்னதும் அதே இடத்தில் நின்றுதான்.

தென்மேற்கு டெட்ராய்டிலிருந்து ஒருவர்

டெட்ராய்ட் டெக்னோ என்றால் கறுப்பின இளைஞர்களின் இசை என்றே நமக்கு அறிமுகம். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற, டெட்ராய்டை அடுத்த பெல்வில் ஊரின் நண்பர்கள் மூவர், வானொலியில் இரவெல்லாம் எதையும் எதோடும் கலந்து போட்ட எலெக்ட்ரிஃபையிங் மோஜோ, 1988-இல் லண்டனில் வெளிவந்து இந்த இசைக்குப் பெயரை நிலைநாட்டிய தொகுப்புத் தட்டு. இந்த வரலாறு சரியானதுதான். ஆனால் அந்த நகரத்தின் தென்மேற்கு மூலையில் மெக்சிகன்டவுன் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஹென்றி ஃபோர்டின் கார் ஆலைகளுக்கும் ரயில் பாதைகளுக்கும் ஆள் தேவைப்பட்ட 1910, 1920-களில் மெக்சிகோவிலிருந்து வந்து இறங்கிய குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். ரோலாண்டோ அந்த மெக்சிக வம்சாவளிக்காரர்.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். டெட்ராய்ட் கலை அருங்காட்சியகத்தில் மெக்சிக ஓவியர் டியேகோ ரிவேரா 1932, 1933 ஆண்டுகளில் தீட்டிய 27 சுவரோவியங்கள் இருக்கின்றன. ஃபோர்டின் ரூஜ் ஆலைதான் பொருள். பணம் கொடுத்தவர் ஹென்றியின் மகன் எட்ஸல் ஃபோர்டு. அந்த ஓவியங்களில் இயந்திரங்கள் பழைய மெக்சிகோவின் ஆஸ்டெக் தெய்வச் சிலைகளைப் போல எழுந்து நிற்கும். ரிவேரா சாரத்தில் ஏறி வரைந்துகொண்டிருந்த அதே மாதங்களில், பொருளாதாரப் பெருமந்தத்தால் வேலை இழந்த மெக்சிகர்கள் அதே நகரத்திலிருந்து ரயில் ரயிலாகத் திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் ரிவேராவே அந்தத் திட்டத்துக்கு ஆதரவாகப் பேசினார் என்பது இன்னும் கசப்பானது. இயந்திரத்தையும் ஆஸ்டெக் நினைவையும் ஒன்றாகப் பிணைத்துப் பார்க்கும் கண் அந்த ஊருக்குப் புதிதில்லை என்று சொல்லவே இதைக் கொண்டுவந்தேன். அறுபத்தைந்து ஆண்டு கழித்து டிரம் மெஷினையும் சிந்தசைசரையும் வைத்துக்கொண்டு ஒருவர் தன்னை ‘ஆஸ்டெக் மிஸ்டிக்’ என்று அழைத்துக்கொண்டது வேஷம் கட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

தட்டின் பெயரும் அங்கிருந்து வந்ததே. ஆஸ்டெக் படையில் ஜாகுவார் வீரர்கள் ஓர் உயர்நிலைப் பிரிவு. எதிரியைக் கொன்று குவிப்பதைவிட உயிரோடு பிடித்து வருவதுதான் அங்கே வீரத்துக்கு அளவுகோல். அப்படிப் பிடித்து வந்தவர்களுக்கே ஜாகுவார் தோலை உடுத்தும் தகுதி. பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் பெயர் பொருத்தம் கொஞ்சம் அதிகமாகவே அமைந்துவிட்டது.

பாட்டு எப்படி இருக்கும்? நான்கு நான்காக விழும் கிக். அதன் மேல் லத்தீன் வாடை உள்ள கைத்தாளம். அதற்கு மேல் ஒரு தந்தி இசை மெட்டு. வயலின் கூட்டம் போல ஒலிக்கும் சிந்தசைசர். சொல் ஒன்றுகூட இல்லை. மெட்டு வந்து நிற்பதில்லை, விலகிப் போய்த் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் அடியில் தாளம் சற்று மாறியிருக்கும். 1999-இன் ஐரோப்பிய நடன அரங்குகளில் டிரான்ஸ் இசை கொடிகட்டிப் பறந்தது. மெட்டை ஊதி ஊதிப் பெரிதாக்கி உச்சத்தில் வெடிக்க வைப்பது அதன் பாணி. ‘ஜாகுவார்’ அதே உணர்ச்சியைக் கையில் வைத்திருந்தும் வெடிக்கவில்லை. அந்த அடக்கத்தாலேயே டெக்னோ டிஜேயும் போட்டார், ஹவுஸ் டிஜேயும் போட்டார், டிரான்ஸ் டிஜேயும் போட்டார். யூஆரின் மைக் பேங்க்ஸ், ஜெரால்ட் மிட்செல் இருவரின் கையும் இந்தப் பாட்டில் உண்டு. வளர்ந்து வந்துகொண்டிருந்த ஒரு டிஜேயின் பெயர் ஒரே தட்டில் உலகத்து இரவு விடுதிகளுக்கெல்லாம் தெரிந்துபோனது.

முகம் காட்டாத லேபிள்

யூஆர் எப்படிப்பட்ட ஆட்கள் என்று தெரியாமல் அவர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று புரியாது. 1980-களின் முடிவில் மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் தொடங்கியது இது. ராபர்ட் ஹூட் சேர்ந்துகொண்டார். ஊர் வெறிச்சோடிக் கிடந்த காலம். மேடையில் முகமூடி, புகைப்படத்துக்குத் தடை. பெரிய இசை நிறுவனங்களோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மக்களின் காதில் சரக்கை ஊற்றி மழுங்கடிக்கும் ‘புரோகிராமர்களுக்கு’ எதிரான போர் என்றே தங்கள் வேலையை அறிக்கையில் எழுதி வைத்தார்கள். இதைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் முதலில் வந்தது. ஆனால் அவர்கள் அதைச் சட்டையில் அச்சிட்டதோடு நிறுத்தவில்லை. 1992-இல் சப்மெர்ஜ் என்ற விநியோக அமைப்பை உருவாக்கி, தங்கள் தட்டுகளையும் ஊரின் மற்றச் சின்ன லேபிள்களின் தட்டுகளையும் உலகக் கடைகளுக்குத் தாங்களே அனுப்பத் தொடங்கினார்கள். கொள்கை என்று ஒன்று இருந்தால் அது தட்டு அடைத்த அட்டைப்பெட்டிகளில்தான் இருந்தது.

டெட்ராய்டில் ஒரு தட்டு பிறக்கும் வழி அப்போது ஏறக்குறைய ஒரே தெருவில் முடிந்துவிடும் அளவுக்குச் சின்னது. வீட்டு ஸ்டுடியோவில் பதிந்த நாடா, ஒலியைத் தட்டின் தடமாக வெட்டிக் கொடுக்கும் ரான் மர்ஃபியிடம் போகும். நேஷனல் சவுண்ட் கார்ப்பரேஷன் என்ற பெயரில் பழைய வெட்டு இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு அந்த நகரத்து டெக்னோவின் பெரும்பகுதியை வெட்டிக் கொடுத்தவர் அவர். வெட்டிய தட்டு, 1965 முதல் ஒரு குடும்பம் நடத்திவரும் ஆர்ச்சர் அச்சகத்துக்குப் போகும். அங்கிருந்து பெட்டி கட்டி பெர்லினுக்கும் லண்டனுக்கும் டோக்கியோவுக்கும்.

மர்ஃபியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. 1992-இல் மில்ஸும் பேங்க்ஸும் ஹூட்டும் எக்ஸ்-102 என்ற பெயரில் சனி கிரகத்தின் வளையங்களைப் பொருளாக வைத்து ஒரு தட்டு செய்தார்கள், அதை வெட்டியவர் மர்ஃபி. அதில் சில இடங்களில் தடம் உள்நோக்கிச் சுருளாமல் தன்னையே சுற்றிவரும். ஊசி அந்த ஒரு வட்டத்திலேயே மாட்டிக்கொண்டு அதே துணுக்கை முடிவில்லாமல் ஓட்டும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டில் ஒரு வட்டம் முடிய 1.8 விநாடி ஆகும். அந்த 1.8 விநாடியில் சரியாக நான்கு தாள அடி விழ வேண்டுமானால் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 133 அடியாக இருக்க வேண்டும். தட்டு சுழலும் கணக்கும் தாளக் கணக்கும் இங்கே ஒன்று. இந்த இசையில் எது ‘பாட்டு’, எது ‘பதிவு’, எது ‘பொருள்’? அந்தப் பூட்டிய தடத்தைத் தாளில் ஸ்வரப்படுத்தி எழுதிக் காட்டச் சொன்னால் எழுதுபவர் பாடு திண்டாட்டம்தான்.

ஜெர்மனியோடு இவர்களுக்கு இருந்த உறவையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெர்லின் சுவர் விழுந்தபின், பழைய வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டக அறையில் 1991 மார்ச்சில் டிரெஸோர் விடுதி திறந்தது. அதே பெயரில் தொடங்கிய லேபிளின் முதல் வெளியீடு யூஆர்காரர்கள் எக்ஸ்-101 என்ற பெயரில் செய்த தட்டு. 1989-இல் திறந்த ஹார்ட் வாக்ஸ் கடையின் அலமாரிகளில் டெட்ராய்ட் தட்டுகளுக்குத் தனி மரியாதை. சொந்த ஊரில் கேட்பார் இல்லாத இசைக்குச் சோறு போட்டதே ஜெர்மனிதான் என்று சொன்னாலும் தவறில்லை. நகலும் அங்கிருந்தே வந்தது. விருந்து வைத்த வீட்டில் செருப்பு காணாமல் போன மாதிரி.

சட்டம் எங்கே நிற்கிறது

ஒரு பெரிய நிறுவனத்துக்கு ஏன் நகல் தேவைப்பட்டது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. 12 அங்குலத் தட்டு டிஜேக்களின் கருவி. விடுதியில் ஆயிரம் பேர் ஆடுவார்கள். தட்டு இருப்பது ஒருவரிடம். அந்த ஆயிரம் பேரும் மறுநாள் கடைக்குப் போய் சிடி கேட்பார்கள், வானொலியில் தேடுவார்கள், கோடைக்காலத் தொகுப்பில் இருக்கிறதா என்று புரட்டுவார்கள். யூஆரோ அந்தச் சந்தைக்குப் போகிற அவசரத்தில் இல்லை. கேட்பவர் நிறைய, சரக்கு ஓரிடத்தில். அந்த இடைவெளியில்தான் பணம் இருக்கிறது என்பது எந்த வியாபாரிக்கும் தெரியும்.

யூஆரின் பதிவை எடுத்து விற்றால் அது அப்பட்டமான திருட்டுப் பிரதி. பதிவின் உரிமை லேபிளிடம் இருக்கிறது. அதைத் தொட முடியாது. ஆனால் பாட்டை, அதாவது தாளில் எழுதக்கூடிய மெட்டையும் அமைப்பையும், இன்னொருவர் புதிதாகப் பதிந்தால்?

அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு நூறாண்டு தாண்டிய பதில் உண்டு. 1909-இல் பியானோ ரோல்கள் ஓடிக்கொண்டிருந்தன. துளையிட்ட காகிதச் சுருளைப் பியானோவில் மாட்டினால் தானே வாசிக்கும். ஏயோலியன் என்ற நிறுவனம் பாட்டு உரிமைகளையெல்லாம் வளைத்துப் போட்டு அந்தத் தொழிலையே விழுங்கிவிடும் என்ற அச்சம் நாடாளுமன்றத்தில் எழுந்தது. அதனால் ஒரு கட்டாய உரிமம் வகுத்தார்கள்: ஒரு பாட்டு ஒருமுறை பதிவாகி வெளிவந்துவிட்டால், சட்டம் சொல்லும் தொகையைக் கட்டிவிட்டு வேறு யாரும் அதைப் பதியலாம், உரிமையாளர் தடுக்க முடியாது. பெரிய முதலையின் வாயைக் கட்டப் போட்ட கயிறு அது. தொண்ணூறு ஆண்டில் அதே மாதிரியான ஏற்பாடுகள் முதலைக்கு ஏணியாகிவிட்டன.

1976-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தொடர்ந்ததோடு இன்னொன்றையும் தெளிவாக்கியது. பதிவின் உரிமை அந்தப் பதிவில் உள்ள ஒலிகளுக்கு மட்டும்தான். வேறொருவர் தனியாக வாசித்துப் பதிந்த ஒலிகள், மூலத்தை அப்படியே போலச் செய்திருந்தாலும், அந்த உரிமையை மீறியதாகாது. ஜெர்மனியில் வழி வேறு, போய்ச் சேரும் இடம் கிட்டத்தட்ட ஒன்று. அங்கே கெமா என்ற உரிமைக் கழகம் தன் பொறுப்பில் உள்ள படைப்புகளுக்கு, நியாயமான விதிப்படி கேட்பவர் எவருக்கும் உரிமம் கொடுக்கக் கடமைப்பட்டது. இன்னாருக்குக் கொடுப்பேன், இன்னாருக்கு மாட்டேன் என்று சொல்ல முடியாது.

இந்த விதிகளுக்கு ஓர் எல்லை இருக்கிறது. இந்த விவகாரத்தின் முடிச்சு அந்த எல்லையில்தான் விழுந்திருக்கிறது என்பது என் கருத்து. தானாகக் கிடைக்கும் உரிமத்தை வைத்துக்கொண்டு பாட்டைத் திரிக்கக் கூடாது. உங்கள் பாணிக்கு ஏற்றபடி கொஞ்சம் அமைத்துக்கொள்ளலாம். அடிப்படை மெட்டையோ குணத்தையோ மாற்றினால் அது தழுவல், தழுவலுக்கு ஆசிரியரின் அனுமதி வேண்டும். படைத்தவரின் மரியாதையைக் காக்க வந்த நல்ல விதி. ஆனால் அனுமதி கிடைக்காது என்று தெரிந்தே இறங்கும் ஒருவர் கையில் இது தலைகீழாகிறது. கற்பனையைக் கலந்தால் ஆபத்து. எதையும் மாற்றாமல் அச்சு அசலாகச் செய்தால் பாதுகாப்பு. சுருதி பிசகாமல் இருப்பதற்குச் சட்டமே பரிசு கொடுக்கிறது!

ஒரு தியாகராஜர் கீர்த்தனையைப் பத்துப் பேர் பாடினால் பத்து விதமாக இருக்கும். அந்த வித்தியாசத்துக்காகவே கச்சேரிக்குப் போகிறோம். பாட்டு வேறு, பாடுவது வேறு என்ற பிரிவு அங்கே இயல்பாக இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் மனதில் வைத்திருந்ததும் அப்படிப்பட்ட உலகத்தைத்தான்: ஒருவர் எழுதுவார், வேறொருவர் பாடுவார், மற்றொருவர் ஊதுவார். ‘ஜாகுவார்’ அப்படிப் பிறந்ததில்லை. அதன் தந்தி இசை எந்த இயந்திரத்தில் எந்த அளவு மங்கலாக வைக்கப்பட்டது, கிக்குக்கும் கைத்தாளத்துக்கும் நடுவே எவ்வளவு காற்று விடப்பட்டது, எந்த இடத்தில் ஒரு ஒலி அணைக்கப்பட்டது என்பவையெல்லாம் சேர்ந்துதான் அந்தப் ‘பாட்டு’. செய்தவரே பதிந்தவர், பதிந்ததே எழுத்து. வேறொருவர் அதை மறுபடி வாசிக்கும்போது அவர் விளக்கிச் சொல்ல அதில் எதுவும் மிச்சம் இருக்காது. மெட்டை மட்டும் எடுத்தால் பாட்டு போய்விடும். பாட்டை எடுத்தால் பதிவையே எடுத்தது போலாகும். நகலை எதிர்த்தவர்கள் சட்டப் பிரிவுகளைப் பேசவில்லை. அடையாளத்தைத் திருடிவிட்டார்கள் என்று பேசினார்கள். உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று அதை ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அது வக்கீல் பேச்சைவிடத் துல்லியமாகப் படுகிறது.

மறுதரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு ஆகாது. மறுபதிவு உரிமை இல்லாவிட்டால் ஜாஸ் இசையின் பாதி இல்லை, எழுதியவர் எட்டணா கேட்கும் இடத்தில் எட்டாயிரம் கேட்டு மறித்துவிடலாம். டெக்னோவுக்கு மட்டும் தனிச் சட்டம் கேட்டால், நாளைக்கு அதே சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பெரிய நிறுவனம் சின்னவர்களை மிரட்டும். சட்டத்தைக் குறை சொல்வது சுலபம். ‘ஜாகுவாரை’ மட்டும் காப்பாற்றி மற்றதையெல்லாம் திறந்து வைக்கும் ஒரு விதியை எழுதிப் பாருங்கள். நான் முயன்றேன், வரவில்லை.

கடைக்காரர்களின் போர்

சண்டை நடந்த இடம் மின்னஞ்சல். 1999-இல் டெக்னோ ரசிகர்களுக்குள் தகவல் பரவ அதைவிட வேகமான வழி இல்லை. டெட்ராய்டின் தொலைபேசி எண் குறியீடான 313-ஐப் பெயராக வைத்துக்கொண்ட மின்னஞ்சல் பட்டியல் ஒன்றே உலகம் முழுக்க ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தது. யூஆர் தரப்பின் முறையீடு அந்த வலைகளில் கிளம்பி, டிஜேக்கள், கடைக்காரர்கள், விநியோகஸ்தர்கள், விடுதிக்காரர்கள் என்று கைமாறியது. சோனியின் பெட்டிகளில் கடிதம் குவிந்தது.

இதைச் ‘சமூக வலைத்தளப் புரட்சியின் முன்னோடி’ என்று இப்போது சிலாகிக்கிறார்கள். எனக்கு அந்த வர்ணனை பிடிக்கவில்லை. கடிதம் எழுதிய கூட்டத்தின் எண்ணிக்கையைவிட அவர்கள் உட்கார்ந்திருந்த இடம் முக்கியம். நகல் யாருக்காகச் செய்யப்பட்டதோ அந்தச் சாமானிய சிடி வாங்குநருக்கு யூஆர் என்றால் யார் என்றே தெரியாது. அவர் புறக்கணிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒரு நடனப் பாட்டு அவரிடம் போய்ச் சேரும் முன் இரண்டு சோதனைச்சாவடிகளைத் தாண்ட வேண்டும்: தட்டு விற்கும் கடை, தட்டு போடும் டிஜே. நிறுவனத்தின் நடனப் பிரிவு நாளைக்கும் அடுத்த மாதமும் அவர்களிடம்தான் வந்து நிற்க வேண்டும். அவர்கள் முகத்தைச் சுளித்தால், போவது இந்த ஒரு பாட்டின் விற்பனை மட்டும் இல்லை, அந்தப் பிரிவின் பெயரே.

சோனி பின்வாங்கியது. அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை, இன்னொரு பெரிய நிறுவனமான பிஎம்ஜி நகலைக் கையிலெடுத்தது. ஒரு வாசல் சாத்தினால் அடுத்த வாசல். வெற்றிக் கதையாகச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவதைக் கவனித்திருக்கிறேன். கண்டனத்துக்கு ஒரு நிறுவனத்தை நாணவைக்கும் பலம் உண்டு, நகலை இல்லாமல் ஆக்கும் பலம் இல்லை. (2004-இல் சோனியும் பிஎம்ஜியும் தங்கள் இசைத் தொழிலை ஒன்றாக இணைத்தன என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன். கதை எழுதுபவன் வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.)

தட்டுக்குத் தட்டு

யூஆர் கொடுத்த கடைசிப் பதில் இன்னொரு தட்டு. பெயர் ‘ரிவெஞ்ச் ஆஃப் த ஜாகுவார்’. அதில் ‘ஜாகுவாரை’ ரீமிக்ஸ் செய்தவர்களில் ஒருவர் டெரிக் மே. பெல்வில் மூவரில் ஒருவர், தந்தி இசையை டெக்னோவுக்குள் கொண்டுவந்து பெயர் வாங்கியவர். இன்னொருவர் ஜெஃப் மில்ஸ். யூஆரைத் தொடங்கிய இருவரில் ஒருவர், 1990-களின் தொடக்கத்திலேயே விலகித் தன் வழி போனவர். ஊரின் மூத்தவரும், வீட்டை விட்டுப் போன அண்ணனும், தம்பிக்கு ஒன்று என்றதும் வந்து நின்ற மாதிரி இருந்தது அந்தத் தட்டின் உறையைப் படிப்பதே.

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுத் தொழில்முறையாகப் பார்த்தாலும் இது கூர்மையான அடி. நகல் எடுத்தவர்களால் எதைச் செய்ய முடியாதோ அதையே யூஆர் செய்தது: மாற்றியது. அனுமதி இல்லாதவர் பாட்டில் ஒரு மயிரிழைகூட நகர்த்தத் தயங்க வேண்டும். உரிமை உள்ளவர் அதைப் பிய்த்துப் போட்டு வேறு உருவம் கொடுக்கலாம். டிஜேயின் பார்வையிலும் கணக்கு தெளிவு. அவரிடம் மூலம் ஏற்கெனவே இருக்கிறது. மூலத்தைப் போலவே ஒலிக்கும் இன்னொன்று அவருக்கு எதற்கு? மில்ஸின் கைபட்ட வேறொரு ‘ஜாகுவார்’ என்றால் பையில் இடம் ஒதுக்குவார். இரண்டு டர்ன்டேபிள்களில் மூலத்தையும் ரீமிக்ஸையும் ஓடவிட்டு ஒன்றுக்குள் ஒன்றைக் கரைப்பது அவர் தொழில். நகலுக்கு அந்த மேசையில் வேலையே கிடையாது.

நகல் பிடிக்கப் பார்த்த பெரிய சந்தையையும் யூஆர் விட்டுவிடவில்லை. டெட்ராய்டிலேயே இயங்கிய, பர்டன் சகோதரர்களின் 430 வெஸ்ட் லேபிள் வழியாக ‘ஜாகுவார்’ பிரிட்டனில் வெளியானது. 2000 அக்டோபரில் அந்நாட்டு ஒற்றைப் பாடல் தரவரிசையில் 43-ஆம் இடம். முதல் நாற்பதுக்கு மூன்று படி கீழே. பாட்டில் ஒரு சொல்கூடக் கிடையாது, படத்தில் முகம் காட்ட ஆள் கிடையாது, பெரிய நிறுவனத்தின் விளம்பரப் பணம் கிடையாது. அந்த 43 எனக்குச் சின்ன எண்ணாகத் தெரியவில்லை. யூஆரின் தூய்மைவாத ரசிகர்கள் சிலருக்கு இதில் சங்கடம் இருந்திருக்கலாம்: தரவரிசைக்குப் போவதா? ஆனால் முன்பு அந்தச் சந்தைக்குப் போகாமல் விட்டதுதானே நகலுக்கு இடம் கொடுத்தது. சொந்த ஊர்க்காரரின் லேபிளோடு, சொந்த நிபந்தனையோடு போனதில் நான் சமரசம் எதையும் காணவில்லை.

சின்ன லேபிள் வைத்திருப்பவர்கள் இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஓர் இடமும் அதுவே என்று நினைக்கிறேன். மூலத் தட்டு நன்றாக ஓடத் தொடங்கிய உடனேயே ரீமிக்ஸ் தட்டும் சிடியும் நம்பகமான ஒரு லேபிள் வழியாக ஐரோப்பாவில் வந்திருந்தால் நகலுக்குச் சந்தையே இருந்திருக்காது. ஆனால் அப்படி வேகமாக ஓடுகிற லேபிளாக இருந்திருந்தால் அது யூஆராக இருந்திருக்காது. ‘ஜாகுவார்’ அந்த அடக்கத்தோடு வந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

2000 மே மாதம் டெட்ராய்டின் ஹார்ட் பிளாசாவில், ஆற்றங்கரையில், கார்ல் கிரெய்க் கலை இயக்குநராக இருந்து நடத்திய முதல் மின்னணு இசை விழா நடந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. தன் இசையை அதுவரை ஏறெடுத்துப் பார்க்காத நகரம் வீதிக்கு வந்து கேட்டது. ரோலாண்டோ பின்னாளில் யூஆரை விட்டு விலகித் தனியாக டிஜே வாழ்க்கையைத் தொடர்ந்தார். சப்மெர்ஜ் இப்போது கிழக்கு கிராண்ட் புல்வார்டு 3000-ஆம் எண் கட்டிடத்தில் இருக்கிறது. அங்கே டெக்னோவுக்கான சிறிய அருங்காட்சியகம், கீழே நிலவறையில் ‘சம்வேர் இன் டெட்ராய்ட்’ என்ற தட்டுக் கடை. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும். யூஆர்-049 இதற்குள் பலமுறை மறு அச்சு கண்டுவிட்டது.